வாயில் திரும்பத் திரும்ப வரும் வெண்படலம்: அண்ணனுக்கு லேசர் வைக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. எச்.ஐ.வி.க்காக 9 வருடமாக ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளையாகப் படர்வது 6 மாதத்தில் இது மூன்றாவது முறை. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை சாப்பிட்டால் போய்விடுகிறது, அப்புறம் திரும்ப வருகிறது. ‘லேசர் வைத்தால் மாத்திரையே வேண்டாம்’ என்று ஒரு பல் கிளினிக்கில் சொல்கிறார்கள். நம்பிச் செய்யலாமா?

பதில்: செய்யலாம் அம்மா. ஆனால் அதற்கு முன்னால் அண்ணனின் வைரல் லோடு (ரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு), சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் அணுக்களின் எண்ணிக்கை) இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது கேண்டிடா என்ற பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டும். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டது போல ஒட்டியிருக்கும். பஞ்சால் வழித்தால் வந்துவிடும்; அடியில் தோல் செக்கச்செவேலென்று இருக்கும். வழித்தும் வராமல், நாக்கின் ஓரத்தில் வரிவரியாக நிற்கிற வெள்ளை வேறு வகை. அது எப்ஸ்டைன் பார் வைரஸால் வருவது, அதற்குப் பூஞ்சை மருந்து வேலை செய்யாது. அதனால் முதலில் பல் மருத்துவர் வழித்துப் பார்த்து உறுதி செய்யட்டும்.

கேண்டிடா நம்மில் பலர் வாயில் எப்போதும் இருப்பதுதான். எதிர்ப்புச் சக்தி சரியும்போது, அதிலும் சிடி4 200-க்குக் கீழே போகும்போது, அது தலையெடுக்கிறது. 9 வருடம் மருந்து சாப்பிடுகிறவருக்கு 6 மாதத்தில் மூன்று முறை வந்தால், எச்.ஐ.வி. மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா, போனாலும் கேட்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இப்படித்தான் என்னிடம் லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். கூட இருக்கும் கிளீனர் பார்த்துவிடுவாரே என்று வெளியூர்ப் பயணத்தில் மாத்திரையை விட்டுவிடுவாராம். அவர் வாயில் நான் எந்த விளக்கைப் பிடித்திருந்தாலும் அடுத்த மாதம் திரும்ப வந்திருக்கும். சர்க்கரை, ஆஸ்துமா இன்ஹேலர், இரவிலும் கழற்றாத பல்செட் இவையும் காரணமாகலாம். அதையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, லேசருக்கு வருவோம். இது எதையும் சுட்டுப் பொசுக்குகிற லேசர் இல்லை. இதில் சாயம்தான் முக்கியம். மெத்திலீன் நீலத்தைப் படலத்தின் மேல் தடவினால் அது பூஞ்சைச் செல்களில் ஏறிக்கொள்ளும். அதன்மேல் சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டதும், சாயம் அங்குள்ள ஆக்சிஜனை வீரியம் மிக்கதாக மாற்றிவிடும். அந்த ஆக்சிஜன்தான் பூஞ்சையைக் கொல்கிறது. 1900 வாக்கில் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் இருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் சாவதையும் இருட்டில் தப்புவதையும் கவனித்ததில் தொடங்கிய வழி இது. மஞ்சளில் இருக்கும் குர்குமினையும் நீல ஒளியோடு இதே முறையில் பயன்படுத்துகிறார்கள். (அதற்காக வீட்டில் மஞ்சளைப் பூசிக்கொண்டு வெயிலில் வாய் திறந்து நிற்க வேண்டாம், அளவும் ஒளியும் பொருந்தாமல் பலன் இல்லை.)

2012-இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்று உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. எச்.ஐ.வி.யோடு வாயில் கேண்டிடாவும் இருந்த 21 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஃப்ளூகோனசோல் கேட்டது, ஆனால் சீக்கிரமே நோய் திரும்பியது. சாயம் இல்லாமல் வெறும் சிவப்பு லேசர் வைத்ததில் பலனே இல்லை. சாயமும் ஒளியும் சேர்ந்த குழுவில் பூஞ்சை போனது, 30 நாள் வரை திரும்பவில்லை. எனக்கு நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் குழுவுக்குச் சுமார் ஏழு பேர், ஒரு மாதக் கணக்கு. இதை வைத்து ‘மாத்திரையே வேண்டாம்’ என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே அந்த கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டியது, ‘என்ன சாயம் போடுகிறீர்கள்?’ என்பதுதான். ‘சாயமெல்லாம் இல்லை, லேசர் மட்டும்’ என்றால் அங்கே செய்ய வேண்டாம். அந்த மாதிரி ஒளி வலியைக் குறைக்கவும் புண் ஆறவும் உதவும், பூஞ்சையைக் கொல்லாது.

செய்யும்போது பயப்பட ஒன்றுமில்லை. பஞ்சால் நீலத்தைத் தொட்டு வைத்துச் சில நிமிடம் காத்திருப்பார்கள். எச்சில் ஊறும், விழுங்காமல் துப்பச் சொல்வார்கள். எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகு பேனா போன்ற முனையை இடம் இடமாக நகர்த்துவார்கள். லேசான கதகதப்பு தெரியலாம். நாக்கு கொஞ்ச நேரம் நீலமாகவே இருக்கும், அது போய்விடும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டாலோ ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவது) இருந்தாலோ முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஃப்ளூகோனசோல் அடிக்கடி சாப்பிட்டுக் கேட்காமல் போனவர்கள், ஈரல் பலவீனமானவர்கள், அதோடு ஒத்துப்போகாத வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) போன்ற மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை நல்ல துணை. ஒளி படும் இடத்தில்தான் வேலை செய்யும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அதற்கு 14 முதல் 21 நாள் மாத்திரை கட்டாயம். மேலண்ணத்தில் கருப்பாகத் தெரிந்தாலோ, முகம் வீங்கிப் பல் ஆடினாலோ, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். 2021-இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அறுவைச் சிகிச்சையும் ஆம்ஃபோடெரிசின் என்ற வீரியமான பூஞ்சை மருந்தும்தான் வழி.

எச்.ஐ.வி. இருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்ல அண்ணன் தயங்கலாம், அது இயல்பு. ஆனால் மருந்து முடிவு அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும், அவர் சம்மதமின்றி வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போய், மூன்று முறை படலம் வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதி அங்குள்ள மருத்துவரிடம் கொடுங்கள்.