புது பியானோவை வாசிக்கத் தயார் செய்து கொடுப்பது யார் வேலை?

கேள்வி: மகளுக்காகப் புது அப்ரைட் பியானோ ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். கடையில் வாசித்தபோது சில கட்டைகள் கனமாக இருந்தன, மேல்ஸ்தாயி காதைக் குத்தியது. கேட்டால், "கம்பெனியிலேயே எல்லாம் செட் பண்ணித்தான் வருது. வாசிக்க வாசிக்கச் சரியாயிடும். ட்யூனிங் வேணும்னா தனி சார்ஜ்" என்கிறார்கள். இது நியாயமா? – வாசகி, சென்னை

பதில்: கம்பெனியில் செட் செய்வது உண்மைதான். ஆனால் அது ஜப்பானிலோ இந்தோனேசியாவிலோ இருக்கும் ஆலையில் நடந்தது. பிறகு கன்டெய்னரில் கடல் தாண்டி, கோடவுனில் கிடந்து, இப்போது ஏ.சி. ஷோரூமில் நிற்கிறது. பியானோவில் ஏறக்குறைய 220 கம்பிகள். அவற்றின் இழுவையை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்கிக்கொள்ளும். ஒலியைப் பெருக்கும் சவுண்ட்போர்டோ மரம். ஈரம் ஏறினால் உப்பிச் சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். புதுக் கம்பிகள் வேறு நீண்டுகொண்டே இருக்கும். ஆகவே கடைசிக் கட்ட வேலையை ஆலையில் முடித்து அனுப்பவே முடியாது. அது கடைக்காரர் பொறுப்பு, செலவும் அவருடையதே.

ட்யூனிங்கோடு இந்த வேலை முடிந்துவிடாது. கட்டை சுமார் 10 மி.மீ. இறங்க வேண்டும், மெதுவாக அழுத்தினால், கம்பியைத் தட்டும் சுத்தியலான ஹாமர் கம்பிக்கு 2, 3 மி.மீ. முன்பே விடுபட்டுத் திரும்ப வேண்டும். 88 கட்டைக்கும் இதை ஒன்றுபோல் அமைப்பதுதான் ரெகுலேஷன். உங்களுக்குக் கனமாகத் தெரிந்த கட்டைகளில் ஈரத்தால் ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) உப்பி உராய்ந்துகொண்டிருக்கலாம், டெக்னீஷியன் தளர்த்திவிடுவார்.

காதைக் குத்துவது வாய்சிங் சமாச்சாரம். ஹாமர் தலையில் இருக்கும் ஃபெல்ட்டை ஊசியால் குத்தி இளக்குவார்கள். "வாசிக்க வாசிக்கச் சரியாயிடும்" என்பதை இங்கே நம்பவே நம்பாதீர்கள். வாசிக்க வாசிக்க ஃபெல்ட் இறுகும். ஒலி இன்னும் கூர்மையாகத்தான் ஆகும்.

"வாரண்டி இருக்கே" என்பார்கள். வாரண்டி பொதுவாக உதிரி பாகம், தயாரிப்புக் குறைகளுக்குத்தான். ட்யூனிங்கும் ரெகுலேஷனும் அதில் சேராது. பிறகு கம்பெனியைக் கேட்டால் கடையைக் காட்டும், கடையைக் கேட்டால் கம்பெனியைக் காட்டும். எனவே இப்போது அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள். டெலிவரிக்கு முன் ரெகுலேஷன், வாய்சிங். வீட்டுக்கு வந்து மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு இலவச ட்யூனிங் – இவற்றைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வந்த அன்றே ட்யூன் செய்தால் வீண், மரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும். முதல் வருடம் மூன்று நான்கு ட்யூனிங் தேவைப்படும். அந்த முதல் ஒன்றுக்கு மேற்பட்டவை உங்கள் செலவு, அதில் கடையைக் குறை சொல்ல முடியாது. சொந்த டெக்னீஷியன் இல்லாத கடை என்றால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்க மறுத்தால், நானாக இருந்தால் வேறு கடை பார்ப்பேன்.

எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்.

வேலை முடிந்ததும் மகளோடு போய் ஒவ்வொரு கட்டையையும் மென்மையாகத் தட்டிப் பாருங்கள். எதுவும் ஊமையாகவோ இரட்டையாகவோ அடிக்கக் கூடாது. விரலை எடுத்ததும் ஒலி நிற்க வேண்டும். வலது கோடியில் ஏறக்குறைய 20 கட்டைகள் மட்டும் நிற்காமல் ஒலிக்கும். அவற்றுக்கு ஒலியை அடக்கும் டேம்பரே கிடையாது, அதைக் குறையென்று சண்டை போட வேண்டாம். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் பாக்கியைக் கட்டிவிடலாம்.