நானே செய்வேன் என்கிற வயசு: கேள்விகளும் பதில்களும்

ஒன்றரையிலிருந்து மூன்று வயசு வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்து குவிந்துவிட்டது. ரங்கூனில் வீட்டோடு சின்னதாக ஒரு பாலர் வகுப்பு நடத்துகிறேன், சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேர் வளர்ந்து நிற்கிறார்கள். டாக்டர் இல்லை. காய்ச்சல், வலிப்பு, மருந்து அளவு எல்லாம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

அக்கா, என் மகளுக்கு இரண்டு வயசு ஆகப்போகிறது. எதை எடுத்தாலும் "நானே, நானே". செருப்பு நானே, சட்டை நானே, தனக்கா (கட்டையை உரசிச் சந்தனம் மாதிரி கன்னத்தில் பூசுகிற பர்மாப் பூச்சு) பூசுவதும் நானே. காலையில் கடை திறக்கக் கிளம்புவதற்குள் உயிர் போகிறது. கையிலிருந்து பிடுங்கினால் தரையில் உருண்டு அழுகிறாள். (ரங்கூன்)

உருளட்டும் தங்கச்சி, முதலில் அதற்குப் பயப்படாதீர்கள். இந்த வயசில் அவளுக்கு ஆசை இருக்கிற அளவுக்குக் கை ஓடாது, மனசில் இருப்பதைச் சொல்ல வார்த்தையும் வராது, இரண்டும் சேர்ந்தால் அழுகைதான் வரும். எரிக் எரிக்சன் என்கிற மனோதத்துவ அறிஞர் இந்தப் பருவத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்: தன்னால் முடியும் என்கிற நம்பிக்கை பிள்ளைக்கு உருவாவது இப்போதுதான், எதற்கெடுத்தாலும் தடுத்துக்கொண்டே இருந்தால் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும் என்று. சரி, அவர் எழுதிவிட்டுப் போய்விட்டார், கடை திறக்க வேண்டியது நீங்கள்.

நான் பார்த்த வரைக்கும் பிள்ளையின் பிடிவாதத்தில் பாதி நம்முடைய அவசரம். அதற்காக நாலு மணிக்கு எழுந்திருங்கள் என்று சொல்ல மாட்டேன். காலையில் ஒரே ஒரு வேலையை அவளுக்கு விடுங்கள், மற்றதை நீங்கள் முடித்துவிடுங்கள். செருப்பை விட்டால் நல்லது, நம் ஊர் வார்ச் செருப்பு அதற்கென்றே செய்தது மாதிரி, இடது வலது மாறினாலும் குடி முழுகிப்போகாது, திருத்தப் போகாதீர்கள். சட்டையில் கடைசிப் படியை மட்டும் அவளுக்கு வையுங்கள்: தலையையும் கையையும் நீங்கள் நுழைத்துவிடுங்கள், கீழே இழுத்துவிடுவது அவள். முடித்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றும். கொஞ்ச நாள் போனால் கை நுழைப்பதையும் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

தனக்காவுக்கு, கட்டையைக் கல்லில் உரசுவது நீங்கள். கல் கனம், காலில் போட்டுக்கொள்வாள். கொஞ்சம் கெட்டியாக உரசி அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து, சின்னக் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்துவிடுங்கள். கன்னத்தில் பாதி, காதில் பாதி, முடியிலும் கொஞ்சம் போகும். ஈரத் துணியால் துடைத்தால் தீர்ந்தது.

இன்னொன்று. "போகலாமா?" என்று கேட்காதீர்கள், "மாட்டேன்" என்பாள், கேட்டது நீங்கள்தானே. "சிவப்புச் சட்டையா, மஞ்சளா?" என்று கேளுங்கள். கிளம்புவது உறுதி, சட்டை அவள் இஷ்டம்.

மாமியார் முன்னால் அழுது புரண்டால் "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார்கள். (பெகு)

அழும்போது கேட்டதைக் கொடுத்தால்தான் செல்லம். கொடுக்காமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது செல்லம் இல்லை. அழுகை ஏறும்போது புத்தி சொன்னால் காதில் ஏறாது. இறங்கியதும் தண்ணீர் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பாடம் வேண்டாம். மாமியாருக்குப் பதில் சொல்வது உங்கள் வீட்டுக்காரர் வேலை.

ஐந்தாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒன்றே முக்கால் வயசுப் பையன் தூக்கினால் திமிறுகிறான், படியில் தானே ஏற வேண்டுமாம். விடலாமா? (ரங்கூன், ஒரு அப்பா)

ஏற விடுங்கள் தம்பி, நீங்கள் இரண்டு படி கீழே இருங்கள். அவசரம் இருக்கிற நாளில் கடைசி மாடி மட்டும் அவனுக்கு. ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம், முகம் படியைப் பார்த்து, பின்பக்கமாக ஒவ்வொரு காலாக வைக்கப் பழக்குங்கள். ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி வைப்பது மூன்று, நாலு வயசில்தான் வரும், இப்போது எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் பால்கனியிலும் கீழே பேப்பர்காரனுக்குத் தொங்கவிடுகிற கயிறு இருக்கும். யாராவது இழுத்ததும் அது என்னவென்று எட்டிப் பார்க்கப் பிள்ளை ஓடும். பிளாஸ்டிக் முக்காலி இல்லாத வீடு நம் ஊரில் கிடையாது, அதை இழுத்துப் போட்டு ஏறத் தெரிகிற வயசு இது. முக்காலியைப் பால்கனிக்குப் போகவே விடாதீர்கள், கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்கள். இதில் "நானே" எல்லாம் கிடையாது.

கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்று ட்ரம், வாளி எல்லாம் நிரப்பி வைத்திருக்கிறோம். பிள்ளை தானே மொண்டு ஊற்றிக் குளிக்கிறது, அழகாக இருக்கிறது.

அழகாகத்தான் இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்கும் வரை. இந்த வயசில் உடம்புக்குத் தலை கனம், எட்டிப் பார்த்து வாளிக்குள் தலைகீழாக விழுந்தால் திரும்ப எழுந்திருக்கத் தெரியாது. அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தாலே போதும், சத்தமும் வராது. ட்ரம்முக்கு மூடி, மூடி மேல் கனம். விளையாட அகலத் தட்டில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு குவளையும் கொடுத்து நீங்கள் அங்கேயே உட்காருங்கள், போன் வந்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் எடுங்கள். ஏப்ரலில் தின்ஜான், அதாவது பர்மாப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் வாசலெல்லாம் வாளியும் ட்ரம்முமாக இருக்கும்போது இன்னும் கவனம்.

என் மருமகள் இரண்டரை வயசுப் பேரனை உட்கார்த்தி வைத்து வேலை வாங்குகிறாள். அவரைக்காய் உரி, முட்டை உரி என்று. பார்க்கவே பாவமாக இருக்கிறது. (மோல்மேன், ஒரு பாட்டி)

அம்மா, அவன் முகத்தைப் பார்த்தீர்களா? முட்டை ஓட்டில் ஒரு பொட்டு கழன்றதும் அதை விரல் நுனியில் வைத்துக் காட்டுவானே. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்குத் திறந்த பள்ளியில் இதைத்தான் செய்யவிட்டார், பொம்மைச் சாமான் இல்லை, நிஜ வேலை, நிஜப் பாத்திரம், கைக்கு அடக்கமான அளவில். அந்த அம்மாள் 1939இல் நம் மெட்ராஸ் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மருமகள் செய்வது சரிதான். வெங்காயம் மட்டும் வேண்டாம், கையைக் கண்ணில் வைத்துக்கொள்வான். நீங்களும் எதிரே உட்கார்ந்து நாலு அவரை உரியுங்கள்.

இடது கையால் சாப்பிடுகிறாள், மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். கழுவின கைதானே.

தானே சாப்பிட விட்டால் பாதி தரையில். அதனால் போனைக் காட்டி ஊட்டிவிடுகிறோம். (தாட்டோன்)

போனைப் பார்க்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பருப்புச் சோற்றைக் கெட்டியாகப் பிசைந்து சின்ன உருண்டையாகத் தட்டில் வையுங்கள், கீழே பழைய பேப்பர் விரியுங்கள். ஒரு உருண்டை அவன் வாயில், ஒரு உருண்டை நீங்கள் ஊட்டியது, அதில் தப்பில்லை. பெரியவர்கள் தின்கிற லப்பேத்தட்டு (ஊறவைத்த தேயிலையும் வறுத்த கடலை வகைகளும் வைத்த தட்டு) மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், முழு வேர்க்கடலையும் வறுத்த பயறும் தொண்டையில் அடைக்கும்.

வீட்டில் தமிழ், கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு பர்மா. இரண்டையும் கலந்து "யே தா அம்மா" என்று தண்ணீர் கேட்கிறான். குழம்பிவிடுவானா?

மாட்டான். எத்தனை சொல் தெரியும் என்று எண்ணினால் இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். நீங்கள் "இந்தா தண்ணி" என்று கொடுத்துக்கொண்டே இருங்கள், போதும். ஒன்றரை வயசு தாண்டி எந்த மொழியிலும் ஒரு சொல்கூட வரவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள்.

கேட்கவே வெட்கமாக இருக்கிறது அக்கா. பூங்காவில் இறக்கிவிட்டதும் மகன் ஓடிவிட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன வருஷம் முந்தானையை விடாதவன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இதில் வெட்கம் என்ன. என் வகுப்பு வாசலில் பிள்ளைகள் அழுவதை விட அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதுதான் அதிகம். உள்ளே வந்து ஒட்டிக்கொண்ட பிள்ளையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள், சிரித்துக்கொண்டு ஓடின பிள்ளையின் அம்மாவை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அம்மா இருந்த இடத்தில் இருப்பாள் என்று தெரிந்த பிள்ளைதான் தூரம் போகும். அடுத்த முறை ஒரே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், கூப்பிடாதீர்கள், பின்னாலேயே போகாதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு காய்ந்த இலையோ கல்லோ எடுத்துக்கொண்டு வந்து உங்கள் மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஓடுவான். நீங்கள் இடம் மாறி உட்கார்ந்தால் பாதி வழியில் நின்று முழிப்பான். கண்ணிலிருந்து மறையும் தூரம் மட்டும் வேண்டாம், ஏரிக்கரை என்றால் கை எட்டும் தூரம்.

அழுகை நாள் கணக்கில் நிற்காமல், தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால் அது வேறு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, கழிப்பறைக்கு எப்போது பழக்குவது?

இரண்டு மணி நேரம் ஈரம் இல்லாமல் இருக்கிறாளா, வருவதற்கு முன் முகம் மாறி மூலைக்குப் போகிறாளா, கால்சட்டையைத் தானே இறக்கத் தெரிகிறதா, இதைப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு இரண்டு வயசுக்கு முன்னாலேயே வரும், சிலருக்கு மூன்றாகும். குந்துகிற கக்கூஸ் குழி பெரியது, காலை வைக்கப் பயப்படுவாள், முதலில் சின்னச் சட்டி போதும். வெயில் காலத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், வீட்டில் கால்சட்டை இல்லாமல் திரியட்டும். மே பாதியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை துணி காயாது, அப்போது ஆரம்பித்தால் உங்களுக்குத்தான் கோபம் வரும்.