உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. அதுவும் இப்படி ஒரு விஷயத்துக்காகவா என்று கூச்சமாக இருக்கிறது.

எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு எல்லாமே ஒரேயடியாக மாறிவிட்டது. கன்னத்தில் மங்கு. கழுத்துத் தோல் தளர்ந்துவிட்டது. புறங்கையில் பழுப்புப் புள்ளிகள். நெற்றியோரம் கறுத்துக்கொண்டே வருகிறது, அதை மறைக்க டை அடித்த முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொள்கிறேன். வெகு நாள் கழித்துப் பார்த்த பழைய தோழி ஒருத்தி, "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் கணவருக்கும் தலை நரைத்துவிட்டது. அவரிடம் எல்லாரும் "கம்பீரமா ஆயிட்டீங்க" என்கிறார்கள்.

அலுவலகத்தில் வீடியோ கூட்டம் நடந்தால் பேசுகிறவரைப் பார்ப்பதில்லை. மூலையில் தெரியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தெரிந்தவர் ஒருவர் கொடுத்த க்ரீமைப் போட ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. ஆறு மாதம் போட்டேன். இப்போது ஒரு நாள் விட்டாலும் சிவந்து எரிகிறது, போட்டால் அடங்குகிறது. கன்னத்தில் பூனைமுடி வேறு வளர்ந்திருக்கிறது.

இவ்வளவு படித்தவள் இதற்கெல்லாம் கலங்கலாமா என்று தங்கை கேட்கிறாள். ஔவை முதுமையை வரமாகக் கேட்டு வாங்கினாளே என்கிறாள். அடுத்த வருடம் மகளுக்குக் கல்யாணம். முகத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை ஓடுகிறது. இதை ஏற்றுக்கொள்வதா, எதிர்த்து நிற்பதா?

எம்.
(பெயரை வெளியிட வேண்டாம்)

அன்புள்ள எம்.,

மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்த க்ரீம்.

நீங்கள் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். சில நாளில் பளிச்சென்ற முகம், விட்டால் எரிச்சல், போட்டால் நிம்மதி, பிறகு பூனைமுடி. ஸ்டீராய்டு கலந்த க்ரீமை முகத்தில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்கு நடப்பது இதே வரிசையில்தான். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமியைக் குறைக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் அந்த வெளுப்பு. கூடவே தோலையும் மெலிதாக்கிக்கொண்டே போகும். கன்னத்தைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சிவப்பு நூல் போல மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிந்தால், அது வயதின் வேலை இல்லை, ட்யூபின் வேலை. நீங்களாகவே தொடரவும் வேண்டாம், ஒரேயடியாக நிறுத்திவிட்டு எரிச்சலோடு போராடவும் வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். அதன் மேல் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியே இல்லை என்றால் இன்னும் சீக்கிரம் போங்கள். பாதரசம் சேர்த்த வெளுப்பு க்ரீம்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நெற்றியோரக் கறுப்பையும் அதே மருத்துவரிடம் காட்டுங்கள், டை அடிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நிரந்தரக் கறுப்பு டைகள் பலவற்றில் பாரா பினைலீன் டையமின் என்ற பொருள் இருக்கிறது. சிலருக்கு அது அரிப்பும் வீக்கமுமாக உடனே காட்டிவிடும். சிலருக்கு அரிப்பே இல்லாமல் முடியோரத்திலும் காதருகிலும் மெல்லக் கறுப்பாகப் படியும். கறுப்பை மறைக்க முடியை முன்னால் இழுத்து விடுகிறீர்கள். அந்த முடியில் இருக்கும் டையே கறுப்புக்குக் காரணமாக இருந்துவிட்டால்? அரிப்பு இல்லாததால் டையைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆக, வயது என்று நீங்கள் போட்ட கணக்கில் பாதி வயதுடையது அல்ல என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு வருவோம்.

"ஒரேயடியாக மாறிவிட்டது" என்கிறீர்கள். அது பிரமை இல்லை. தோலுக்கு இறுக்கம் தரும் கொலாஜன் இளவயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் அந்தக் குறைவு வேகமெடுக்கிறது. முதல் ஐந்து வருடத்திலேயே தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் இருப்பது அந்த ஐந்து வருடத்தின் நடுவில். இதே வேகத்தில் கடைசிவரை போகாது, பிறகு நிதானப்படும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் நீங்கள், என் பேச்சை நம்பலாம்.

தோழி கேட்ட கேள்விக்கும் காரணம் இருக்கிறது. மூப்பு தோலோடு நிற்பதில்லை. கண்குழியைச் சுற்றிய எலும்பு தேய்ந்து குழி அகலமாகிறது. கன்னத்துக் கொழுப்பு வற்றிக் கொஞ்சம் கீழே சரிகிறது. கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, மேலிருந்து வரும் வெளிச்சத்தில் அங்கே நிழல் கட்டுகிறது. புருவம் இறங்குகிறது, வாயோரம் சரிகிறது. அந்த நிழலை நாம் தூக்கமின்மை என்று படிக்கிறோம், சரிந்த வாயோரத்தைத் துக்கம் என்று, இறங்கிய புருவத்தைக் கோபம் என்று. வயதான பலரை 'சிடுமூஞ்சி' என்று நினைத்துவிட்டு, பேசிப் பார்த்தால் அவ்வளவு தங்கமானவராக இருப்பது இதனால்தான். முகத்தின் அமைப்பைப் பார்த்துவிட்டு மனநிலை என்று எண்ணிக்கொள்கிறோம். தோழி உங்களைக் கிழவி என்று சொல்லவில்லை. தப்பாகப் படித்தாள். அடுத்த முறை கேட்டால், "உடம்புக்கென்ன, வயசாகுது, உனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

எதிர்த்து நிற்பதா என்று கேட்டதால் இதையும் சொல்கிறேன். எதிர்க்கவேண்டிய எதிரி ஒன்று உண்டு, அது வெயில். 2012-இல் ஒரு மருத்துவ இதழ் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படத்தை வெளியிட்டது. 28 வருடம் ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கிப் பல வருடம் மூத்ததாகத் தெரிந்தது. வலது பக்கம் அப்படி இல்லை. இரண்டு கன்னத்துக்கும் ஒரே வயது, ஒரே மனிதர். புற ஊதாக் கதிர்களில் தோலைச் சுடும் வகையைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும், ஆழமாகப் போய்க் கொலாஜனை உடைக்கும் வகையை அவ்வளவாகத் தடுக்காது. மேஜை ஜன்னலோரம் இருந்தால் அலுவலகத்திலும் வெயில்தான்.

தினமும் சன்ஸ்கிரீன் பூசுவது பலன் தருமா என்று ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 1992 முதல் 1996 வரை சோதித்தார்கள். 55 வயதுக்கு உட்பட்ட 900-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைத் தினமும் பூசச் சொன்னார்கள், மற்றவர்களை அவரவர் வழக்கப்படி விட்டுவிட்டார்கள். தொடக்கத்திலும் நாலரை வருடம் கழித்தும் புறங்கைத் தோலில் சிலிக்கோன் அச்சு எடுத்து வரிகளை ஒப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களின் புறங்கையில் மூப்பு கூடியதாகவே தெரியவில்லை. நாலரை வருடம் நின்ற இடத்தில் நின்றது போல. எந்த சீரமும் எனக்கு இவ்வளவு நேர்மையான கணக்கைக் காட்டியதில்லை.

எனவே முகம், கழுத்து, புறங்கை மூன்றுக்கும் தாராளமாகப் பூசுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் வேண்டும், பொட்டு அளவு போதாது. மங்கு இருப்பதால் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனாக வாங்குங்கள். மங்கைக் கூட்டுவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, அதைத் தடுப்பது அந்த நிறத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு. இரவில் ரெட்டினாய்டு வகை க்ரீம், அதாவது வைட்டமின் ஏ சார்ந்த க்ரீம் போடலாம். சுருக்கத்தைக் கொஞ்சம் குறைப்பதாக நிரூபணமான சில பொருட்களில் அது ஒன்று. ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், தொடக்கத்தில் உரியும், எரியும். இப்போதிருக்கும் உங்கள் கன்னத்தில் அது கண்டிப்பாக வேண்டாம். ஸ்டீராய்டு பாதிப்பு ஆறிய பிறகு மருத்துவர் சொன்னால் மட்டும். க்ரீமில் கலந்த கொலாஜன் தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரிய மூலக்கூறு. குடிக்கிற கொலாஜன் வயிற்றில் செரித்துத் துண்டுதுண்டாகிறது. இரண்டுக்கும் காசு கொடுப்பது உங்கள் விருப்பம்.

புறங்கைப் புள்ளிகளும் வெயில் தந்தவை. பெரும்பாலும் அவற்றால் ஆபத்தில்லை. என் முன்கையில் இப்போது கதவில் லேசாக உரசினாலே ஊதா நிறத்தில் ஒரு திட்டு கன்றிவிடுகிறது. வலி இல்லை. சில வாரத்தில் பழுப்பாகி மறைகிறது, அதற்குள் பக்கத்தில் இன்னொன்று வந்துவிடுகிறது. தோலடியில் ரத்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் திசு மெலிந்துவிட்டது, அவ்வளவுதான். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் வடிவம் கோணலாகி வளர்கிற மச்சம், ஒரே புள்ளிக்குள் பல நிறம், ஆறாத புண், நகத்தடியில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கறுப்புக் கோடு, இவற்றை அலட்சியம் செய்யக்கூடாது. மாநிறமும் கறுப்புமான நமக்குத் தோல் புற்று வராது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பாடகர் பாப் மார்லி 1981-இல் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய புற்றினால்தான். உள்ளங்கால், உள்ளங்கை, நகம், யாரும் பார்க்காத இடங்களை அவ்வப்போது பாருங்கள். கண்ணாடியில் கன்னத்தைப் பார்க்கும் நேரத்தில் கால்வாசி போதும்.

இனி அந்த வீடியோ கட்டம். நமக்குத் தெரிந்த நம் முகம் கண்ணாடியில் வலம் இடம் மாறிய முகம். 1977-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் பெண்கள் சிலரின் படத்தையும், அதையே இடவலமாகத் திருப்பிய படத்தையும் காட்டினார்கள். அந்தப் பெண்கள் கண்ணாடியில் பார்ப்பது போன்ற படத்தையே அதிகம் விரும்பினார்கள், அவர்களின் தோழிகள் நேர்ப் படத்தை. பழகியது பிடிக்கிறது, அவ்வளவுதான். முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தளர்வதில்லை, ஆகவே புகைப்படத்தில் அந்நியம் இன்னும் கூடுகிறது. போதாக்குறைக்கு, கை நீட்டும் தூரத்தில் இருக்கும் கேமரா மூக்கைப் பெரிதாக்கிக் காதைச் சிறிதாக்கும். யாரும் உங்களை அந்தத் தூரத்திலிருந்து, அந்தக் கோணத்தில், ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்ப்பதில்லை. நீங்கள்தான் பார்க்கிறீர்கள். கூட்டம் நடத்தும் செயலிகள் பலவற்றில் உங்கள் படம் உங்களுக்கு மட்டும் தெரியாமல் மறைக்கிற வசதி இருக்கிறது. இன்றே மறைத்துவிடுங்கள்.

தங்கை சொன்ன ஔவை கதையில் எனக்கு உடன்பாடில்லை. கதைப்படி அவள் முதுமையைக் கேட்டது ஞானத்தின் மேல் ஆசைப்பட்டு மட்டும் இல்லை. கல்யாணப் பேச்சு வாசலுக்கு வந்துவிட்டது. தன்னைப் பெண்பார்க்கும் கண்களிலிருந்து தப்பிக்க வேண்டியிருந்தது. கேட்டாள், கிடைத்தது. உங்களிடம் யாரும் கேட்கவில்லை. வரமாக வாங்கியவளைக் காட்டி, கேட்காமலே வந்து சேர்ந்தவளை அதட்டுவது நியாயமா? முப்பது வருடம் தெருவில் நடந்தால் ஒரு பார்வை கூடவே வந்தது. அது தொந்தரவாகவும் இருந்தது, கணக்கில் இருக்கிறோம் என்ற உறுதியாகவும் இருந்தது. அது விலகினால் ஒரு இழப்பு வரும். இழப்புக்கு வருந்துவது அற்பம் இல்லை. "மன அழகுதான் முக்கியம்" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அதை இருபது வயதில் ஒருத்தியிடம் யாரும் சொல்வதில்லையே.

கணவருக்குக் கம்பீரம், உங்களுக்கு உடம்பு சரியில்லையா. இதற்கு எந்தத் தோல் மருத்துவரிடமும் மருந்து இல்லை. கோபப்படுங்கள். கோபத்தைக் கண்ணாடியிடம் காட்டாமல், அப்படிச் சொல்கிறவர்களிடம் காட்டுங்கள். உங்கள் கணவர் அப்போது பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தால் அவரிடமும்.

ஏற்பதா எதிர்ப்பதா என்று இரண்டாகப் பிரிக்கவே தேவையில்லை. நரையை விட்டுவிட்டு மங்குக்கு மருத்துவம் பார்க்கலாம். டை அடித்துக்கொண்டு சுருக்கத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லாருமே இப்படித்தான் ஏதோ ஒரு கலவையில் இருக்கிறார்கள். யாரிடமும் கொள்கை அறிக்கை இல்லை.

ஊசி விஷயம். போட்டுக்கொள்வது பாவம் இல்லை, போடாமல் இருப்பது தியாகமும் இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது போடாக்ஸ் என்றால், அது தசையைத் தளர்த்தி, நெற்றி, புருவ நடு போன்ற இடங்களில் தசை அசைவால் விழும் கோடுகளைக் குறைக்கும். கழுத்துத் தொய்வு, மங்கு, புள்ளிகள், நீங்கள் எழுதியவற்றில் ஒன்றைக்கூட அது தொடாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். சிலருக்கு இமை தற்காலிகமாகத் தொங்கிவிடுவதும் உண்டு. அதனால் போடுவதாக இருந்தால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் முதல்முறையாகப் போய் உட்காராதீர்கள். ஆறேழு மாதம் முன்பே, தகுதியுள்ள தோல் மருத்துவரிடம் ஒரு முறை போட்டு, உங்கள் முகத்தில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கல்யாணத்துக்குள் தானாகவே போயிருக்கும்.

அதற்கும் முன்னால் அந்த ட்யூப். இந்த வாரமே.

மகளுக்கு என் வாழ்த்துகள்.