ப்ரூகல் ஓவியங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மூத்த பீட்டர் ப்ரூகல் 1551இல் ஆன்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தவர். 1569இல் பிரஸ்ஸல்ஸில் இறந்தார். அவருடைய ஓவியங்களைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் சுற்றும் வெட்டிய துண்டுகளை வைத்து இவர் ஓவியங்களை எடை போடாதீர்கள். இவர் முக்கியமான ஆளை ஓரத்தில் வைப்பார், வெட்டுகிறவர்களோ ஓரத்தைத்தான் முதலில் நறுக்குகிறார்கள்.

கேள்வி: 'பனியில் வேட்டைக்காரர்கள்' தனிப் படமா, வரிசையில் ஒன்றா?

வரிசையில் ஒன்று. ஆன்ட்வெர்ப் வணிகர் நிக்லாஸ் யோங்கெலிங்க் தன் வீட்டுக்காக வரைய வைத்த பருவகால வரிசை அது. எல்லாம் 1565ஆம் ஆண்டுப் படங்கள். ஆறு இருந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் கருத்து. ஐந்துதான் நம்மிடம் மிஞ்சியிருக்கின்றன: மூன்று வியன்னாவில், ஒன்று பிராகில், 'அறுவடை' நியூயார்க்கில்.

வேட்டைக்காரர்களைக் கவனியுங்கள். மூன்று ஆட்கள், ஒரு பட்டாளம் நாய்கள், கிடைத்தது ஒரே ஒரு நரி. நாய்களும் தலையைத் தொங்கப் போட்டிருக்கின்றன. இடதுபக்கம் விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது, வாசலில் நெருப்பு மூட்டிப் பன்றியைப் பொசுக்குகிறார்கள். கீழே உறைந்த குளத்தில் சனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். அந்தக் கூரான மலைகள் ப்ரூகல் வாழ்ந்த ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) கிடையாது. ப்ரூகல் இத்தாலி போய்த் திரும்பிய வழியில் பார்த்த ஆல்ப்ஸ் அது. அந்த மலைகளை விழுங்கிக்கொண்டு வந்து பலகையில் உமிழ்ந்தார் என்று ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய கரெல் வான் மாண்டர் 1604இல் எழுதினார். எனக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை தெரியாது.

கேள்வி: எங்களிடம் கிராமக் காட்சியுள்ள பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்று இருக்கிறது. அசலா என்று எப்படித் தெரியும்?

நிழற்படம் பார்த்துச் சொல்ல முடியாது. பின்பக்கத்தைப் பாருங்கள்: பலகையா, துணியா, அச்சுத்தாளா. ஈரத்துணியால் மட்டும் துடைக்காதீர்கள். சோப்பு, எலுமிச்சை, உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: ஒரு ப்ரூகல் என்ன விலை போகும்?

சுமார் நாற்பது ஓவியங்கள்தான் எஞ்சியிருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. விலை பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஆர்வமில்லை.

கேள்வி: இயேசு கதையை ஏன் ஃபிளாண்டர்ஸ் கிராமத்தில் வரைகிறார்?

அந்தக் கதை பார்ப்பவர்களின் தெருவிலேயே நடக்க வேண்டும் என்று நினைத்தார். 'பெத்லகேமில் குடிமதிப்பு' (1566) முழுக்கப் பனி மூடிய ஊர், விடுதி வாசலில் வரி கட்டக் கூட்டம். கழுதைமேல் வரும் மரியாளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோளில் ரம்பத்தோடு முன்னே நடப்பவர் யோசேப்பு.

'கல்வாரி ஊர்வலம்' (1564) இதைவிடக் கடுமையானது. இயேசு படத்தின் நட்டநடுவில் சிலுவையோடு விழுந்து கிடக்கிறார், ஆனாலும் அந்தக் கூட்டத்தில் கண்ணுக்குத் தட்டுப்படமாட்டார். கண் முதலில் போவது சிரேனே ஊர் சீமோனிடம். சிலுவை சுமக்கக் கூப்பிட்டு வீரர்கள் இழுக்கிறார்கள், விடமாட்டேன் என்று மனைவி பிடித்து இழுக்கிறாள். அவள் இடுப்பில் கிறிஸ்தவர்களின் செபமாலை தொங்குகிறது; அதை அணிந்தவளே இயேசுவுக்கு உதவ விடாமல் தடுக்கிறாள். அந்த ஒரு மாலைக்காகவே இந்தப் படத்தை நாள் முழுக்கப் பார்க்கலாம்.

கேள்வி: 'மாசற்ற குழந்தைகள் படுகொலை' படத்தில் குழந்தைகளே இல்லையே?

இருந்தார்கள். மன்னன் ஏரோதின் வீரர்கள் பெத்லகேம் குழந்தைகளைக் கொல்வதைப் பனிக்கால ஃபிளாண்டர்ஸ் கிராமத்தில் நடப்பதாக ப்ரூகல் வரைந்தார். பிறகு அந்தப் படம் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் போனது. குழந்தைகள்மேல் வேறு வண்ணம் பூசி, விலங்குகளாகவும் மூட்டைகளாகவும் மாற்றினார்கள். கொலை, வெறும் சூறையாடலாகிவிட்டது. மடியில் இறந்த பிள்ளையை வைத்து அழுத தாய் இப்போது ஒரு மூட்டைக்காக அழுகிறாள். பூசியவர் பொருளை மாற்றினார், தாயின் முகத்தை மாற்றவில்லை. அதனால்தான் இன்றைக்கும் பார்ப்பவர்களுக்கு ஏதோ இடிக்கிறது. 1660இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் வாங்கினார், இன்றும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. குழந்தைகளைப் பார்க்க வேண்டுமானால் ப்ரூகலின் மகன் செய்த பிரதிகளைப் பாருங்கள்.

கேள்வி: 'இக்காரஸ் வீழ்ச்சி'யில் ஒருவன் கடலில் மூழ்குகிறான், உழவன் பாட்டுக்கு உழுகிறான். கல்நெஞ்சக்காரன்தானே?

நீங்கள் பார்த்த படம் வெட்டப்படாமல் இருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். உழவர் முன்னால் இடதுபக்கம், குனிந்த தலையோடு. இக்காரஸ், அப்பா செய்த சிறகுகளோடு பறந்து, சூரியனை நெருங்கி, சிறகின் மெழுகு உருகிக் கடலில் விழுந்த கிரேக்கக் கதைப் பையன். அவனுடைய இரண்டு கால்கள் வலதுபக்கம் கீழே, கப்பலுக்குப் பக்கத்தில். உழவருக்குப் பின்னால் நடக்கும் விஷயம் அது. அவர் பார்க்கவே இல்லை.

அதே நபர்: சத்தம் கூடவா கேட்காது? ப்ரூகல் விவசாயிகளைக் கேலி செய்கிறார்.

இன்னொருவர்: ஏர் பிடித்தவன் சொல்கிறேன். கண் ஏர்ச்சால் வரியை விட்டு விலகினால் ஏர் கோணிக்கொள்ளும். அவனைத் திட்டாதீர்கள்.

ஏர் பிடித்தவர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். கதையையும் பாருங்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியதில் மீனவன், மேய்ப்பன், உழவன் மூவரும் பறப்பவர்களை அண்ணாந்து பார்த்து, தெய்வங்கள் என்று வியக்கிறார்கள். ஓவியர் அந்த மூவரையும் எடுத்துக்கொண்டு, வியப்பை எடுத்துவிட்டார். மேய்ப்பர் மட்டும் வானத்தைப் பார்க்கிறார், அங்கே யாரும் இல்லை. (பிரஸ்ஸல்ஸிலேயே உள்ள இன்னொரு பிரதியில் அந்த இடத்தில் அப்பா டேடலஸ் பறக்கிறார்.) தண்ணீருக்கு மிக அருகில் இருப்பவர் மீனவர். சத்தம் கேட்டிருந்தால் அவருக்குத்தான் கேட்டிருக்கும். கப்பலும் நிற்கவில்லை. ஆக, உழவர் ஒருவர்மேல் மட்டும் ஏன் பழி?

அதே நபர்: புதரில் ஒரு பிணம் வேறு கிடக்கிறதாமே?

இடதுபக்கப் புதரில் ஒரு தலை தெரிகிறது. யாரோ செத்ததற்காக ஏர் நிற்பதில்லை என்ற பழமொழியை அதோடு சேர்த்துப் படிப்பார்கள். அதை நீங்கள் குற்றச்சாட்டாகக் கேட்கிறீர்கள், நான் அப்படிக் கேட்கவில்லை. விதைக்காவிட்டால் அடுத்த வருடம் சாப்பாடு இல்லை. இந்த ஓவியத்திலேயே பெரியதாகவும் பொறுமையாகவும் வரையப்பட்டது அந்த உழவரும், அவர் புரட்டிய மண் மடிப்புகளும். கேலி செய்ய நினைப்பவர் இவ்வளவு உழைக்க மாட்டார்.

மற்றொருவர்: அது ப்ரூகல் வரைந்ததே இல்லையாமே, பிறகென்ன சண்டை?

நியாயமான கேள்வி. பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகம் 1912இல் வாங்கும்வரை இந்தப் படத்தை யாரும் அறிந்திருக்கவில்லை. துணிமேல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது; ப்ரூகலின் உறுதியான எண்ணெய் ஓவியங்கள் எல்லாம் மரப்பலகையில் இருக்கின்றன, அவர் துணியில் வரைந்தவை வேறு வகை நீர்ப்பசை வண்ணம். 1996இல் நடந்த ஆய்வுக்குப் பிறகு சந்தேகம் கூடியது. தொலைந்துபோன மூலத்தைப் பார்த்து வேறொருவர் செய்த நல்ல பிரதி என்பது இன்று பலர் கருத்து, என் கருத்தும் அதுதான். கை வேறாக இருக்கலாம், யோசனை ப்ரூகலுடையது.

கேள்வி: என் வீட்டிலும் ஒரு பழைய படம்…

மேலே சொல்லிவிட்டேன். துடைக்காதீர்கள்.

கேள்வி: கரவாஜோ பற்றி?

என் துறை இல்லை. இத்தாலிய ஓவியம் படித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் தாத்தா வாங்கிய படம் அசலா?

ஒரே பதில்தான். இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

கேள்வி: 'விவசாயிகள் கல்யாணம்' படத்தில் மாப்பிள்ளை யார்?

அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெண் பச்சைத் துணிக்கு முன்னால், காகிதக் கிரீடத்துக்குக் கீழே, கை கோத்து அமர்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை பரிமாறுகிறார் என்பது ஒரு தரப்பு. கழற்றிய கதவையே தட்டாக்கி அதில் கூழ்த்தட்டுகளைச் சுமந்து வருகிறார்களே, அதிலிருந்து தட்டு எடுத்துக் கொடுக்கும் ஆள்மேல் எனக்குச் சந்தேகம். படம் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே ப்ரூகல் ஓவியங்கள் 12 உண்டு. அவர்கள் நடத்தும் இணையதளத்தில் தூரிகைக் கோடு தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முழுப் படமாகத் திறந்து, ஓரங்களிலிருந்து தொடங்குங்கள்.