ரிஸ்பெரிடோன் தொடங்கியதும் நடை தள்ளாடுகிறது: கும்பகோணத்து அம்மாவுக்கு

அம்மா, சாயங்காலமானால் மறதிநோய் உள்ள உங்கள் வீட்டுக்காரர் "வயலுக்குத் தண்ணி வைக்கணும்" என்று கதவை உலுக்குகிறார், தடுத்தால் கை ஓங்குகிறார், கோபத்தை அடக்கத் தரும் ரிஸ்பெரிடோன் மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் நடை தள்ளாடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தள்ளாட்டத்தை இன்றே டாக்டரிடம் சொல்லி, அடுத்த வேளை கொடுக்கலாமா என்று கேளுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மறதிநோய்க்காரருக்கு ரிஸ்பெரிடோனை 0.25 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றுவதுதான் வழக்கம். உங்கள் சீட்டில் எடுத்த எடுப்பிலேயே 1 மி.கி., இரண்டு வேளை. கூடவே ட்ரைஹெக்சிபெனிடில். விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் தருவது அது. ஆனால் மறதியையும் மலச்சிக்கலையும் கூட்டும். அவசியம்தானா என்று கேளுங்கள். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதாகச் சொல்கிறாரா? முன்பு பக்கவாதம் வந்ததா? இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாத ஆட்கள் தெரிந்தால் அது லூயி பாடி என்ற மறதிநோய் வகையாக இருக்கலாம்; அந்த வகையில் ரிஸ்பெரிடோன் உடம்பை விறைக்க வைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த வகை மறதிநோயானாலும் இதனால் பக்கவாத அபாயமும் கூடும்.

கோபம் திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தொற்று, மலச்சிக்கல், மூட்டுவலி எதையும் வாயால் சொல்லத் தெரியாதவர் கோபத்தால்தான் சொல்வார். தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். குழப்பம் கூடும், விழுந்துவிடுவார்.

இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். கதவை மறிக்காமல், "முறைத் தண்ணி நமக்கு நாளைக்குத்தாங்க, காபி குடிச்சிட்டு வாசல்ல உக்காருவோம்" என்று சொல்லிப் பாருங்கள்.