பானட்டைத் திறந்து பார்ப்போம்: வாசகர் கேள்வி, டர்பன் மெக்கானிக் பதில்

கேள்வி: அப்பா விட்டுப்போன 1965 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) எங்கள் கராஜில் இருக்கிறது. வெளியே வெளிர்நீலம், பானட்டுக்குள்ளே எல்லாம் கறுப்பு. "உள்ளே கறுப்புதான் ஒரிஜினல். அதையே புதிதாக அடித்து, டேப்பட் கவருக்கு (எஞ்சின் மேல்மூடி) குரோம் போட்டுவிடலாம்" என்கிறார் பேனல்பீட்டர் (பாடி, பெயிண்ட் வேலை செய்பவர்). சரியா ஐயா? - வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, ஸ்ப்ரே கன்னைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். எம்.ஜி.பி.க்கு வெளியே என்ன நிறமோ அதே நிறத்தைத்தான் தொழிற்சாலையில் பானட்டுக்குள்ளேயும் அடித்தார்கள். நீல வண்டிக்கு உள்ளேயும் நீலம்தான். கறுப்பு பிற்பாடு யாரோ துருவை மறைக்க அடித்தது. கடற்காற்று அடிக்கிற நம் ஊரில் இது நிறைய நடந்திருக்கிறது.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், வண்டியையே கேளுங்கள். ஃபியூஸ் பாக்ஸின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதை ஒயரோடு மெல்ல ஒதுக்கிவிட்டு அடியில் பாருங்கள். ஹீட்டர் பெட்டியின் பின்புறமும் பாருங்கள். தூரிகையும் ஸ்ப்ரேயும் எட்டாத இடங்கள் அவை. அப்புறம் பஞ்சில் கொஞ்சம் தின்னர் தொட்டு, ஒரு மூலையில் மெதுவாகத் துடையுங்கள். டப்பா ஸ்ப்ரே என்றால் கறுப்பு பஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அடியில் இருக்கும் பழைய பெயிண்ட் அவ்வளவு சீக்கிரம் கரையாது. அந்த நிறத்தைப் போட்டோ எடுத்து, பெயிண்ட் கடையில் காட்டி மேட்ச் செய்துகொள்ளுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். உங்கள் வருஷத்து வண்டியில் எஞ்சின் பிளாக் மெரூன் நிறம். கறுப்பு எஞ்சினெல்லாம் 1970களில் வந்தவை. டேப்பட் கவர் வெறும் தகரம், அதற்கும் எஞ்சின் நிறம்தான். குரோம் கவரைப் பார்த்தால் எனக்குக் கல்யாண மண்டபத்து சீரியல் லைட்தான் நினைவுக்கு வருகிறது. போட வேண்டுமென்று ஆசையாக இருந்தால் தனியாக ஒரு கவர் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பழையதைக் குரோம் பட்டறைக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

பிளாக்கின் வலது பக்கம், டைனமோவுக்கு (மின்சாரம் உண்டாக்கும் கருவி) மேலே, ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டு எண்ணைப் படியுங்கள். 1964 அக்டோபர் வாக்கில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் 3இலிருந்து 5ஆனது. அதனால் உங்கள் 1965 வண்டியில் எண் 18ஜிபி என்று தொடங்க வேண்டும். 18ஜி அல்லது 18ஜிஏ என்றிருந்தால் அது பழைய 3 பேரிங் எஞ்சின், வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். 18வி என்றால் 1970களின் எஞ்சின். எல்லாமே அதே 1798 சி.சி.தான், ஓட்டும்போது எளிதில் தெரியாது. விற்கும்போது தெரியும்.

இன்னொன்று. ஒரு காந்தத்தை எடுத்து பானட் மேல் வையுங்கள். ஒட்டக்கூடாது. அந்தக் காலத்து எம்.ஜி.பி. பானட் அலுமினியம், இரும்பு பானட் பின்னால் வந்தது. ஒட்டினால் எப்போதோ முன்பக்கம் அடிபட்டு பானட் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் முன் விங் இரண்டின் உட்புறத்திலும் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: என்னுடையது 1966 எம்.ஜி.பி. ரேடியோ மாட்ட வந்தவர் பேட்டரியைத் திருப்பிப் போட்டால் போதும் என்கிறார். - வாசகர், டொங்காட்

பதில்: போதாது. 1967 கடைசி வரை எம்.ஜி.பி.யில் டைனமோ, பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அதற்குப் பிறகுதான் ஆல்டர்னேட்டரும், இன்றைய ரேடியோக்கள் கேட்கும் நெகட்டிவ் எர்த்தும். மாற்ற முடியும். ஆனால் டைனமோவின் துருவத்தை மாற்ற வேண்டும், இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். முக்கியமாக, உங்கள் ஆர்.பி.எம். மீட்டர் எலக்ட்ரானிக் வகை. அதன் உள்ளே திறந்து இணைப்பை மாற்றாமல் விட்டால் முள் அசையாது, மீட்டரே போகவும் கூடும். ஒயரில் கை வைப்பவர் லூக்காஸ் நிறங்கள் (லூக்காஸ் கம்பெனியின் ஒயர் நிற முறை) தெரிந்தவராக இருக்கட்டும்: பிரவுன் நேராக பேட்டரியிலிருந்து, வெள்ளை சாவி போட்டபின், பச்சை சாவிக்கும் ஃபியூஸுக்கும் பிறகு, கறுப்பு எர்த். எல்லா ஒயரையும் ஒரே சிவப்பில் இழுத்து வைத்த வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உங்களுக்கு என் யோசனை: பாசிட்டிவ் எர்த்துக்கு ஒத்துவரும் பழைய ரேடியோவைத் தேடுங்கள். இல்லாவிட்டால் பாட்டுக்குப் போனை பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எம்.ஜி.பி. ஜிடி வி8 என்று ஒரு வண்டி விலைக்கு வந்திருக்கிறது. பானட்டில் புடைப்பே இல்லை. போலியா? - வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: புடைப்பு இல்லாததை வைத்து போலி என்று சொல்ல முடியாது. தொழிற்சாலை வி8 1973 முதல் 1976 வரை 2591 வண்டிகள், ரோவரின் 3528 சி.சி. எஞ்சினோடு. இரண்டு எஸ்.யு. கார்புரேட்டரையும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) எஞ்சினின் பின்பக்கம், தடுப்புச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய் வைத்ததால் சாதாரண பானட்டே மூடியது. கார்புரேட்டர் எஞ்சினின் நடு உச்சியில் உட்கார்ந்திருந்தால் கேள்வி கேளுங்கள். தொழிற்சாலையிலிருந்தே புடைப்போடு வந்தது 2912 சி.சி., ஆறு சிலிண்டர் எம்.ஜி.சி., அது வேறு வண்டி.

கேள்வி: எங்கள் மாமாவிடம் ஆல்ஃபா ஜிடிவி 3.0 இருக்கிறது. ஆறு கார்புரேட்டர்! 2.5லேயே இன்ஜெக்ஷன் இருக்கும்போது இது ஏன்? இன்ஜெக்ஷனுக்கு மாற்றிவிடலாமா? - வாசகர், லெனேசியா

பதில்: மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அது நம் தென்னாப்பிரிக்காவிலேயே, பிரிட்ஸ் ஊரில் செய்த வண்டி. இங்கே ரேஸில் ஓட வேண்டுமானால் சாலைக்கும் குறைந்தது 200 வண்டி விற்றாக வேண்டும் என்பதற்காக 1980களில் பிறந்தது. 2492 சி.சி. வி6-ஐ 2934 சி.சி. ஆக்கி, சிலிண்டருக்கு ஒரு டெல்லோர்ட்டோ கார்புரேட்டர் மாட்டினார்கள். இத்தாலியர்களே 3 லிட்டர் ஆல்ஃபா 75 கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஆறையும் கழற்றிவிட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத எஞ்சினைச் சாதாரண ஜிடிவி6 ஆக்கிவிடுகிறீர்கள். வேண்டாம்.

ஐட்லில் தடுமாறுகிறது என்பதுதான் குறை என்றால், ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளை) தொடும் முன் த்ராட்டில் லிங்கேஜின் (ஆக்ஸிலரேட்டரிலிருந்து கார்புரேட்டரைத் திறக்கும் கம்பிகள்) மூட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் ஆட்டிப் பாருங்கள். ஒரு மூட்டு தேய்ந்தால் போதும், ஆறும் ஒன்றாகத் திறக்காது. அப்புறம் வேக்குவம் கேஜ் வைத்து ஆறையும் சமன் செய்யத் தெரிந்த ஆளிடம் விடுங்கள். "அரை மணியில் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.