வட்டைக்கு வேலி

அன்புள்ள ஐயா,
யானைகளைப் பற்றி நீங்கள் எழுதுவது நகரத்து இரக்கமாகவே படுகிறது. சென்ற மாரியில் எங்கள் வட்டையில், அதாவது ஊர் வயல்வெளியில், கதிர் தள்ளவிருந்த குடலைப் பருவத்து நெல்லை ஒரே இரவில் மிதித்துவிட்டன. பிடித்துக் கல்லோயா தேசியப் பூங்காவில் விட்டால் என்ன? பன்றிக்கு வைக்கும் வெடியில் யானை அகப்பட்டால் நாங்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகர், படுவான்கரை, மட்டக்களப்பு

அன்புள்ள தம்பிக்கு,

குடலைப் பயிர் சேற்றோடு சேறாகக் கிடக்க, வரம்பில் நிற்பவரிடம் யானையின் பெருமை பேச எனக்கும் மனம் வராது. நகரத்து இரக்கம் என்ற வசைக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

வெடி விடயத்தை அப்படி விட முடியாது. தீனிக்குள் ஹக்கப்பட்டாஸ் என்ற அந்த வாய்வெடியை மறைத்து வைப்பவருக்கு அவ்வழியே யானைக் கன்றும் வரும் என்று தெரியாதா? தாடையும் நாக்கும் சிதைந்த கன்று உடனே சாவதில்லை. இரை எடுக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியாமல், நாட்கணக்கில் மெலிந்து சாகிறது. அதைத் தற்செயல் என்று எனக்கு எழுதாதீர்கள்.

கல்லோயாப் பூங்கா 1954 இல் உருவானது; யானைக்கு அதன் எல்லைக்கோடு தெரியாது. இடம் மாற்றிய தனியன்களுக்கு, அதாவது தனித்துத் திரியும் ஆண் யானைகளுக்கு, கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்து யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் 2012 இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: சில பழைய இடத்துக்கே திரும்பின, சில புதிய ஊர்களுக்குள் நுழைந்தன, மனிதச் சாவும் யானைச் சாவும் கூடியதே மிச்சம்.

நான் நெடுநாளாகச் சொல்லிவருவது வேலியைப் பற்றி. இலங்கையில் யானை நடமாடும் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மக்களும் குடியிருக்கிறார்கள். அப்படியிருக்க, வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்கல்லைப் பார்த்துக் காட்டுக்குள் மின்வேலி இழுத்தால் இரு பக்கமும் யானைதான் நிற்கும். அடைபட்ட பக்கத்தில் கன்றும் தாயும் பட்டினி கிடக்கும். ஊரைச் சுற்றி நிலையான வேலியும், வட்டையைச் சுற்றி விதைப்பு முதல் அறுவடை வரை மட்டும் நிற்கும் வேலியும் போடுங்கள். அறுவடை முடிந்ததும் வட்டை வேலியைக் கழற்றுங்கள். தாளும் புல்லும் கோடையில் யானைக்கு இரையாகட்டும், உங்களுக்கு அதனால் நட்டமில்லை.

ஆனால் வேலியைப் பார்ப்பது யார்? கீழ்க்கம்பியில் ஒரு கொடி படர்ந்தாலே மின்சாரம் நிலத்துக்குக் கசிந்துவிடும். ஒரு முறை வலியின்றி வேலிக் கட்டையைத் தள்ளப் பழகிய தனியனைப் பிறகு எந்தக் கம்பியும் நிறுத்தாது. காட்டுக்குள் இருக்கும் அரசாங்க வேலியில் கொடி வெட்ட யாரும் போகமாட்டார்கள், நீங்களும் போகமாட்டீர்கள். தன் வயலோரத்து வேலி என்றால் தண்ணீர் கட்டப் போகிறவரே கத்தியோடு போவார். விதைப்புக்கு முந்திய கமக்காரர் கூட்டத்தில் வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டை விதானையிடம் இதைக் கேளுங்கள்; யானையை விரட்டும் வெடி கேட்டு வரிசையில் நிற்பதற்கு முன்னால் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.